அப்பாவின் தொப்பையும் சித்தப்பாவின் கெண்டைக்காலும்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. பதினான்கு வருடமாகச் சுகர். பீடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இருநூறு மீட்டர் நடப்பதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ஏபிஐ (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண்) 0.62 என்றார்கள். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். நான்கு மாதத்தில் ஐந்து கிலோ குறைத்த பிறகுதான் இந்த 84. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னங்க இப்படி இளைச்சுப்போயிட்டீங்க" என்று கேட்க, அவருக்கு மனசே விட்டுப்போனது. அந்த நேரம் பார்த்து என் தம்பி ஒரு செய்தியைக் காட்டினான். கால் ரத்தக்குழாய் நோயில் குண்டாக இருப்பவர்கள்தான் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்களாம். அன்றிலிருந்து அப்பா நடப்பதையும் நிறுத்திவிட்டார். "உன் சித்தப்பன் ஒல்லிதானே, அவனுக்குத்தானே விரலை எடுத்தாங்க" என்கிறார். சித்தப்பாவுக்கு 61 வயது, 168 செ.மீ., 49 கிலோ. சுகர் உண்டு, பீடியும் உண்டு. போன வருடம் இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். இப்போது அதற்கு அடுத்த விரலில் ஒரு புண், ஆறு வாரமாக ஆறவில்லை. ஏபிஐ 1.46 என்று வந்ததால் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா எடையைக் குறைக்க வேண்டுமா, வேண்டாமா?
ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குக் கவலை வந்தது சித்தப்பாவை நினைத்துத்தான். அவரை இந்த வாரமே ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஏன் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் தம்பி காட்டிய செய்தி பொய்யல்ல. 2002-ல் அமெரிக்காவில், இதய ரத்தக்குழாய்க்குப் பலூன் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த மருத்துவர்கள், ஒல்லியானவர்களைவிட உடல் பருமனானவர்கள் நன்றாக இருப்பதைக் கண்டு திகைத்தார்கள். 'பருமன் முரண்' என்ற பெயர் அப்போதிலிருந்துதான் பரவியது. பிறகு கால் ரத்தக்குழாய் நோயிலும் அதே படம் தெரிந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர மருத்துவர்கள் சுமார் 2,400 நோயாளிகளை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆய்வுக் காலத்தில் இறந்திருந்தார்கள். பருமனானவர்களில் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் பல லட்சம் மருத்துவமனைப் பதிவுகளை அலசியபோதும், எடை குறைந்தவர்கள்தான் மோசமான நிலையில் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் தொப்பை நம்மைக் காப்பாற்றுகிறது" என்று உங்கள் அப்பா முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதே ராட்டர்டாம் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. எடை குறைந்த குழுவில், மற்றக் குழுக்களைவிட அதிகம் பேருக்கு, புகையால் நுரையீரல் கெட்டு மூச்சு வாங்கும் நோய் இருந்தது. அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அவர்கள் ஏன் அதிகம் இறந்தார்கள் என்பது பெருமளவு புரிந்துவிட்டது. அவர்கள் ஒல்லியாக இருந்ததால் இறக்கவில்லை. எந்த நோய் அவர்களைக் கொன்றதோ, அதே நோய்தான் அவர்களை முன்பே ஒல்லியாக்கியும் வைத்திருந்தது.

என் வெளிநோயாளர் அறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பெஞ்சில் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் எலும்பும் தோலுமாக இருக்கும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, "இருபது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்பேன். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் ஆள் வேறு, எதிரில் இருக்கும் ஆள் வேறு. நடுவில் பீடி இருக்கிறது, கட்டுக்கடங்காத சுகர் இருக்கிறது, சிறுநீரகப் பழுது இருக்கிறது. சிலருக்கு ஒளிந்திருக்கும் காசநோயோ புற்றுநோயோ இருக்கிறது. பசி போய், சதை கரைந்து, கடைசியில் கால் கறுத்த பிறகு வருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பருமனானவரோ ஐந்தாறு வருடம் இளையவராக இருப்பார். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதால் நோய் சீக்கிரமே கண்ணில் பட்டிருக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு பேரையும் தராசில் ஏற்றிவிட்டு, எடைதான் வித்தியாசம் என்று சொன்னால் அது நியாயமே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒல்லியான ஒருவருக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் பின்னால் பலமான காரணம் ஒன்று இருக்கும். கடுமையான புகைப்பழக்கம் இருக்கலாம், சிறுநீரகக் கோளாறு இருக்கலாம். நாற்பது வயதுக்குள் ஒல்லியான உடம்போடு, பீடிப் பழக்கத்தோடு, விரல் கறுத்து வரும் ஆண்களை நம் ஊரில் நிறையவே பார்க்கிறோம். அது பர்ஜர் நோய் என்று தனி ரகம். பருமனானவர் இந்த நோய்க்கு வந்து சேர்வது சுகர், பிரஷர், கொழுப்பு வழியாக. அவை மாத்திரைக்கு மசியும் காரணங்கள். நோய் வந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்து ஒப்பிட்டால், பருமனே நல்லதுபோலத் தோற்றம் தருவது இதனால்தான். நோய் வராதவர்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சுகரையும் பிரஷரையும் கொண்டுவந்த பெரிய காரணங்களில் தொப்பையும் ஒன்று.

இந்த ஆய்வுகள் எல்லாம் பி.எம்.ஐ. என்ற ஓர் அளவை வைத்துத்தான் பேசுகின்றன. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது. உங்கள் அப்பாவுக்கு 31-ஐ ஒட்டி வருகிறது, சித்தப்பாவுக்கு 17-ஐ ஒட்டி. 1832-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்தலே என்ற கணித, வானியல் அறிஞர், மக்கள்தொகையின் சராசரி மனிதனை வரையறுப்பதற்காகக் கண்டுபிடித்த கணக்கு இது. அதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தது 1972-ல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ். ஒரு தனி மனிதனின் உடம்புக்குள் எது சதை, எது கொழுப்பு என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. கால் வீங்கி நீர் கோத்திருந்தால் அதையும் எடையாகவே எண்ணும். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த ஒருவருக்கு உடல் எடையில் சுமார் 6 சதவீதம் குறைந்துபோயிருக்கும். அதைச் சேர்க்காமல் கணக்குப் போட்டுவிட்டு "எடை சரியாக இருக்கிறது" என்று எழுதிய சீட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

நமக்கு இந்த அளவு இன்னும் கொஞ்சம் ஏமாற்றும். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் 2004-ல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் உடம்பின் வாகு. அதனால்தான் இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம், 25-ஐத் தாண்டினால் பருமன் என்று வைத்திருக்கிறோம். ஐரோப்பியர்களுக்கு அந்தக் கோடு 25, 30. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் 'கொஞ்சம் எடை கூடியவர், நன்றாக இருக்கிறார்' என்று எழுதிய ஒரு வரியை ஈரோட்டுக்காரரின் இடுப்பில் அப்படியே கட்டிவிட முடியாது.

அப்புறம், எத்தனை நாள் வாழ்கிறோம் என்பது ஒரு கேள்வி. அந்த நாள்களில் கடைத்தெருவுக்கு நடந்து போக முடிகிறதா என்பது வேறு கேள்வி. அப்பாவின் தொந்தரவு இப்போது இரண்டாவதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் டாக்டர் மேரி மெக்டெர்மட் பல வருடங்களாக இந்த நோயாளிகளின் நடையை மட்டுமே அளந்து வருகிறவர். 2006-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், வருடங்கள் போகப்போக நடக்கும் திறன் வேகமாகச் சரிந்தது பருமனானவர்களுக்குத்தான். பி.எம்.ஐ. 20-க்கும் 25-க்கும் இடையில் இருந்தவர்களுக்குச் சரிவு குறைவு. நோய் வந்த பிறகு எடை கூடியவர்களுக்கும் சரிவு அதிகம். ஒரே நோயில், உயிர் பற்றிய கணக்கு ஒரு பக்கம் சாய, நடை பற்றிய கணக்கு மறுபக்கம் சாய்கிறது. உங்கள் தம்பி காட்டிய செய்தியில் இந்தப் பாதி இருந்திருக்காது.

ஏன் அப்படி என்பது எளிமையான விஷயம். அப்பாவின் ஏபிஐ 0.62 என்றால் என்ன தெரியுமா? கையில் ரத்த அழுத்தம் 150 இருக்கும்போது கணுக்காலில் 93 மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 93-ஐ 150-ஆல் வகுத்தால் 0.62. வழியில் எங்கோ குழாய் சுருங்கியிருப்பதால் மீதி அழுத்தம் வந்து சேரவில்லை. உட்கார்ந்திருக்கும்போது இந்த ரத்தம் கெண்டைக்காலுக்குப் போதும். நடக்கும்போது அந்தச் சதை பல மடங்கு ரத்தம் கேட்கும். 84 கிலோவை ஒவ்வொரு அடியிலும் தூக்கி முன்னே வைக்கும் சதை, 78 கிலோவைத் தூக்கும் சதையைவிடச் சீக்கிரமே 'போதும்' என்று பிடித்துக்கொள்கிறது. எடை குறைந்ததால் அடைப்பு கரையாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அதே ரத்தத்தில் இன்னும் சில அடி கூடுதலாகப் போகலாம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: குறைக்கலாம். ஆனால் அப்பா குறைக்க வேண்டியது தொப்பையை, சதையை அல்ல. போன ஐந்து கிலோ எங்கிருந்து போனது என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும். காலையில் வெறும் வயிற்றில் நிற்க வைத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் இடுப்பைச் சுற்றி அளங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் தரையில் பதிந்திருக்க, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் அளங்கள். ஆசியர்களுக்கான வரையறைப்படி ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் குறைந்தால் சதை கரைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பெண்களுக்கு 33. டேப் இல்லையா, ஜப்பானில் முதியவர்களிடம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் சதை முட்டினால் நல்லது. வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் கவனிக்க வேண்டிய கால். வீங்கிய காலில் மட்டும் இந்த இரண்டு அளவையும் நம்பாதீர்கள்.

மாதம் ஒருமுறை இடுப்பளவும் கெண்டைக்கால் அளவும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். இடுப்பு குறைந்து கெண்டைக்கால் அப்படியே இருந்தால், யார் என்ன சொன்னாலும் அப்பா நல்ல வழியில்தான் போகிறார். "இளைச்சுட்டீங்க" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தக் காலண்டரையே காட்டலாம். நம் ஊரில் முகம் ஒட்டினாலே நோய் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் பட்டினியையும் காசநோயையும் அதிகம் பார்த்த மக்கள் நாம், அந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் முயற்சி செய்து குறைத்த எடையும் தானாகக் குறைந்த எடையும் ஒன்றல்ல என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். அப்பா நடந்து, சோற்றை அளந்து குறைத்தார். அது அவருடைய உழைப்பு. அதை நீங்களாவது வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறீர்களா?

அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் நான்கைந்து கிலோ போதும். வேகம் வேண்டாம். ஒரு வேளை பட்டினி, வெறும் ஜூஸ் என்று இறங்கினால் தொப்பையோடு தொடைச் சதையும் சேர்ந்து கரையும். சோறு, இட்லி, தோசையின் அளவைக் குறையுங்கள். ஆனால் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் இவற்றைக் குறைக்காதீர்கள். சாப்பாட்டைக் குறைக்கும்போது சுகர் மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே இருந்தால் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரும். சுகர் டாக்டரிடம் சொல்லிவிட்டே குறைக்க வேண்டும்.

அவர் நடப்பதை நிறுத்தியதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்த நோய்க்கு நடை ஒரு மருந்து, சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வலி வராத அளவுக்கு மெதுவாக உலாத்துவதில் பலன் இல்லை. 305 பேரை வைத்து 2021-ல் வெளியான ஆய்வில், வலி வராமல் மெதுவாக நடந்தவர்கள், நடைப்பயிற்சியே செய்யாதவர்களைவிட எந்த முன்னேற்றமும் காணவில்லை. கெண்டைக்கால் நன்றாகப் பிடிக்கும்வரை நடந்தவர்கள்தான் ஒரு வருடத்தில் கூடுதல் தூரம் போனார்கள். ஆகவே அப்பா தெருவில் இறங்கி, வலி ஆரம்பித்த பிறகும் தாங்கக்கூடிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் நடக்கட்டும். அப்புறம் நின்று, வலி முழுக்கப் போன பிறகு மறுபடி நடக்கட்டும். நிற்பதையும் சேர்த்து ஆரம்பத்தில் அரை மணி நேரம், போகப்போக முக்கால் மணி, வாரத்துக்கு மூன்று நாளாவது. எந்த மின்கம்பம் வரை வலியில்லாமல் போனார் என்று அவரே எண்ணிக்கொள்வார். முப்பது வருடம் ஸ்டேஜ் எண்ணி டிக்கெட் கிழித்த மனிதர் அல்லவா. மூன்று மாதம் விடாமல் செய்தால் எத்தனை கம்பம் கூடியது என்று எனக்கு எழுதுங்கள். நெஞ்சில் அழுத்தமோ மூச்சு முட்டலோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்வது நல்லது.

செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. கோயில் பிரகாரத்தில்கூட, வெயில் ஏறிய கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு உள்ளங்காலில் கொப்புளத்தோடு வரும் சுகர் நோயாளிகள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. விடிகாலையில் கல் குளிர்ந்திருக்கும்போது போய்விட்டு வரட்டும். கால் மரத்திருக்கிறது என்று சூடான ஒத்தடம் கொடுப்பதும் கூடவே கூடாது.

எடையைவிட முக்கியமான ஒன்று மாத்திரை. இந்த நோய் உள்ளவர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இறப்பவர்கள்தான் அதிகம். கொலஸ்ட்ரால் அளவு நார்மல் என்றாலும் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ ஒன்று வேண்டும். பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் சுகரும் அதிக எடையும் உள்ள 5,145 பேரை வைத்துப் பத்து வருடத்துக்கு அருகில் நடந்த 'லுக் அஹெட்' ஆய்வு 2013-ல் வெளியானது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியுமாக எடையைக் குறைத்த குழுவில் சுகரும் நடமாட்டமும் தேறின. மாரடைப்பும் பக்கவாதமும் மற்றக் குழுவைவிடக் குறையவில்லை. எடைக் குறைப்பைத் தாழ்த்திப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது ஒன்றே இதயத்தைக் காக்கும் என்று நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சுகருக்கும் எடைக் குறைப்புக்கும் போடும், இப்போது எல்லோரும் கேட்கும் செமாக்ளூடைட் ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. சுகரோடு கால் ரத்தக்குழாய் நோயும் உள்ள 792 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் அந்த ஊசியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025-ல் வெளியானது. அவர்கள் நடந்த தூரம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 13 சதவீதம் கூடியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் பெரிய பருமனும் இல்லை. அதனால் எடை குறைந்தது மட்டுமே காரணமாக இருக்க முடியாது, ரத்தக்குழாயிலேயே ஏதோ நன்மை நடக்கிறது என்று நினைக்கிறோம். அப்பாவுக்கு அது பொருந்துமா என்று அவருடைய சுகர் டாக்டரிடம் கேட்கலாம். விலையும் வாந்தி, பசியின்மைத் தொந்தரவும் உண்டு. சித்தப்பாவைப் போன்ற உடம்புக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

அப்பாவுக்கு இப்போதைக்கு அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சே தேவையில்லை. ஒருவேளை பின்னால் பைபாஸ் தேவைப்பட்டால், தொடை இடுக்கில்தான் பெரும்பாலும் கத்தி வைப்போம். வயிறு சரிந்து மடிப்பு விழும் இடம் அது. வியர்வையில் எந்நேரமும் ஈரம். தையல் போட்ட நான்காம் நாள் மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஓரம் வெளுத்து ஊறியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பருமனானவர்களுக்கு அந்தப் புண்ணில் சீழ் வைக்கும் ஆபத்து கூடுதல். தொப்பை காப்பாற்றும் என்று நம்பும் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

இனி சித்தப்பா.

அவருடைய 1.46-ஐ நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டது பெரிய தவறு. ஏபிஐ 1.0-லிருந்து 1.4 வரை இருந்தால் சரி, 0.9-ம் அதற்குக் கீழும் போனால் அடைப்பு. 1.4-ஐத் தாண்டினால் அந்தக் கருவியால் அளக்கவே முடியவில்லை என்றுதான் அர்த்தம். நீண்ட காலச் சுகரில் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. ரப்பர் குழாயை விரலால் நசுக்கித் தண்ணீரை நிறுத்தலாம், பிவிசி பைப்பை நசுக்க முடியுமா? கணுக்காலில் கட்டிய பட்டை எவ்வளவு காற்றேறினாலும் அந்தக் குழாய் நசுங்காது, மெஷினும் பெரிய எண்ணைக் காட்டும். உள்ளே அடைப்பு இருக்கிறதா, இல்லையா என்று அந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது. விரலில் இருக்கும் சின்னக் குழாய்கள் அவ்வளவாக இறுகுவதில்லை. அதனால் பெருவிரலில் அழுத்தம் அளக்க வேண்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது கடினம், கால் போகும் அபாயம் இருக்கிறது. கூடவே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்றும் காலுக்கு எடுக்க வேண்டும்.

ஒரு விரல் ஏற்கெனவே போனவர், சுகர், பீடி, ஆறு வாரம் ஆறாத புண், 49 கிலோ. ஆய்வுகள் பயந்த அந்த 'எடை குறைந்த' குழு இவர்தான். தம்பி படித்த செய்தி உங்கள் வீட்டில் யாருக்காவது பொருந்தும் என்றால், இவருக்கு எச்சரிக்கையாகப் பொருந்தும். சில வருடங்களுக்கு முன் அவரைப் போன்ற ஒரு நெசவாளப் பெண்மணிக்கு பைபாஸ் செய்தோம். பைபாஸ் நன்றாக ஓடியது, கையை வைத்தால் பாதத்தில் நாடி துள்ளும். ஆனாலும் புண் மூடவில்லை. சாப்பிடுவது என்னம்மா என்று மூன்றாவது வாரம் கேட்டேன். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. "புண்ணுக்கு ஆகாது" என்று முட்டையையும் மீனையும் பருப்பையும் வீட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சதை வளர்வதற்கான சரக்கே உள்ளே போகாதபோது ரத்தம் மட்டும் போய் என்ன செய்யும்?

சித்தப்பாவுக்கு அந்தத் தவறு நடக்கக் கூடாது. ஒரு நாளைக்கு அவருக்கு அறுபது கிராம் அளவுக்காவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்பதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முட்டை, ஒரு துண்டு மீன் அல்லது கோழி, இரண்டு வேளை கெட்டியான பருப்பு, ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர். ஆரம்பிக்கும் முன் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவை டாக்டர் சொல்வார்.

அவர் எப்போதுமே 49 கிலோவா, அல்லது இறங்கி வந்த 49-ஆ? இதை நீங்கள் எழுதவில்லை. பழைய பேன்ட்டை இடுப்பில் மடித்துக் கட்டுகிறார் என்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சுகர், மார்பு எக்ஸ்ரே, இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டிவரும். பீடியும் நின்றாக வேண்டும். அதை விட்ட அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார். மூன்று வருடம் முன்பு எப்படி விட்டார் என்று தம்பியிடம் உட்கார்ந்து பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அப்பாவையும் சேர்த்தே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

போகும்போது இரண்டு பேருடைய பழைய ரிப்போர்ட்டுகள், விரல் எடுத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். "ஏபிஐ 1.4-க்கு மேல் வந்திருக்கிறது, பெருவிரல் அழுத்தம் பார்க்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதி மேலேயே வைத்துவிடுங்கள். நடுவில் புண்ணைச் சுற்றிச் சிவப்பு ஏறினாலோ, விரல் கறுத்தாலோ, துர்நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, படுத்தால் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுத் தூங்குகிறார் என்றாலோ, அப்பாயின்ட்மென்ட் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரத்தக்குழாய் மருத்துவர்